டிசெபிலிட்டி பென்ஷன்: இரண்டாவது அப்பீலில் என்ன எழுதுவது?

கேள்வி: ராணுவத்தில் 17 வருடம் இருந்து, 2016-ல் நாயக் பதவியில் வெளியே வந்தேன். முதுகுத்தண்டில் வட்டு விலகி லோ மெடிக்கல் கேட்டகரியில் (உடல்தகுதி குறைந்த பிரிவில்) வைத்தார்கள். மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று எழுதியது. ஆனால் 'பணியால் வந்ததல்ல' என்று டிசெபிலிட்டி பென்ஷனை (ஊன ஓய்வூதியத்தை) மறுத்துவிட்டார்கள். ஏடிஎம் காவலுக்குப் போனேன், 12 மணி நேரம் தாங்காமல் நின்றுவிட்டேன். இதையெல்லாம் எழுதிய முதல் அப்பீலும் நான்கு மாதம் முன்பு தள்ளுபடி. இனி வழி உண்டா?

முன்னாள் படைவீரர், வேலூர் மாவட்டம்

பதில்: உண்டு ஐயா. உங்கள் அப்பீல் நகலைப் படித்தேன். மூன்று பக்கமும் வலி, வேலை போனது, மகளின் படிப்புச் செலவு. எல்லாம் உண்மைதான். ஆனால் அப்பீலை முடிவு செய்யும் கமிட்டி பார்ப்பது வேறு: ஊனம் 20 சதவீதமாவது இருக்கிறதா? பணியால் வந்ததா, இல்லை பணியால் முற்றியதா? முதல் கேள்விக்குப் போர்டே பதில் எழுதிவிட்டது. இரண்டாவதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

போர்டு தாளைப் பாருங்கள். காரணம் கேட்கும் இடத்தில் 'உடல்வாகு சார்ந்தது' என்று மட்டும் இருக்கிறது. ஏன் என்று சொல்லவே இல்லை. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனையில் குறிக்கப்படாத நோய் பிறகு வந்தால், அது பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. பத்தொன்பது இருபது வயதில் முதுகில் கோளாறு இருந்திருந்தால் உங்களை எடுத்திருப்பார்களா?

உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி அந்த முதல் பரிசோதனைத் தாளை வாங்குங்கள். தராவிட்டால் ஆர்டிஐ போடுங்கள். லடாக்கில் சுமை தூக்கிய காலத்தையும், முதலில் வலி வந்து சிகிச்சை எடுத்த தேதியையும் சேருங்கள்.

இரண்டாவது அப்பீலுக்கு ஆறு மாதக் கெடு. உங்களுக்கு இரண்டு மாதம்தான் மிச்சம். தாள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் அப்பீலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். தள்ளுபடியானாலோ, ஆறு மாதம் பதிலே வராவிட்டாலோ சென்னையில் உள்ள ஆயுதப்படை தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பல வருடம் ஆகிவிட்டதே என்று பயப்படாதீர்கள், பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய பாக்கி. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் தர்செம் சிங் தீர்ப்பின்படி, நிலுவை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் பழைய நிலுவையில் ஒரு மாதப் பணம் போகும்.

அப்புறம், மனுவில் பென்ஷன் கணக்குக்கு 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்தித் தரவும் கேளுங்கள். 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் ராம் அவதார் தீர்ப்பு அதற்கு இடம் தந்திருக்கிறது. ஏடிஎம் கதைக்குக் கடைசியில் ஒரு பத்தி போதும்.