சிம்பலுக்கு விங் நட்டும் ஃபெல்ட்டும் கட்டாயமா?

கேள்வி: ட்ரம்ஸ் வாசிப்பவர்கள் சிம்பலை ஃபெல்ட் வைத்து விங் நட்டால் பூட்டத்தான் வேண்டுமா? வெளிநாட்டு வீடியோக்களில் சிலர் நட்டே இல்லாமல் வாசிக்கிறார்கள். எங்கள் இசைக்குழுவிலோ அசையாதபடி இறுக்கி வைத்திருக்கிறார்கள். எது சரி?

நட்டைப் போடுங்கள் தம்பி, இறுக்காதீர்கள். சிம்பலுக்கு மேலும் கீழும் வைக்கும் கம்பளி வட்டமான ஃபெல்ட்டும் வேண்டும், குறிப்பாகக் கீழே இருப்பது. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இந்த இரண்டையும் விட முக்கியம். ஸ்டாண்டின் கம்பிக்கு மேல் ஏற்றுகிற சின்னப் பிளாஸ்டிக் குழாய், ஸ்லீவ் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இசைக்குழுக்களிலும் தேவாலயங்களிலும் நான் பார்த்த பழைய செட்களில் நட்டு இருக்கும், ஃபெல்ட் பாதி தேய்ந்து இருக்கும், ஸ்லீவ் மட்டும் இருக்காது. அது கழன்று விழுந்ததையே கனபேர் கவனிப்பதில்லை.

ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். சிம்பல் மாட்டும் கம்பி பெரும்பாலான ஸ்டாண்ட்களில் 8 மில்லிமீட்டர், சிலவற்றில் 6. மேலிருந்து கீழ்வரை மரை வெட்டிய உருக்குக் கம்பி அது. சிம்பலின் நடுத் துளை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். இடையில் உள்ள வெளியை நிரப்பத்தான் ஸ்லீவ். அது இல்லாவிட்டால் வெண்கலம் நேரே மரையில் உட்காரும். நாங்கள் சிம்பலைக் கொஞ்சம் சரித்துத்தானே வைக்கிறோம்? அப்போது முழுப் பாரமும் துளையின் ஒரே பக்கத்தில் விழுகிறது. ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பக்கம் மரையில் உராய்ந்து தேயும். வட்டமாக இருந்த துளை கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் நீளும்.

துளை நீண்டால் என்ன என்று கேட்கலாம். சரியாக மாட்டிய சிம்பல் அடி விழ விழ மெதுவாகச் சுழலும். அதனால் தடி எப்போதும் ஒரே இடத்தில் படாது, தேய்மானம் விளிம்பு முழுவதும் பரவும். துளையில் பள்ளம் விழுந்துவிட்டால் கம்பி அந்தப் பள்ளத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும். சிம்பல் சுழலாது. அதன்பிறகு எல்லா அடியும் விளிம்பின் ஒரே இடத்தில். இரண்டாவது ஆபத்து, அந்தப் பள்ளத்தின் முனையிலிருந்தே ஒரு வெடிப்புக் கிளம்பிக் குமிழின் (சிம்பலின் நடுவில் மேடாக இருக்கும் பகுதி) ஊடாக வெளிப்பக்கம் ஓடலாம்.

உலோகத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். நல்ல சிம்பல்கள் 80 வீதம் செம்பும் 20 வீதம் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். விலை குறைந்தவற்றில் வெள்ளீயம் 8 வீதம்தான். பழகுவதற்கென்று செட்டோடு சேர்த்து வருகிறவை பெரும்பாலும் பித்தளை. வெள்ளீயம் கூடும்போது சத்தம் செழிப்பாகும், உலோகம் நொறுங்கும் குணமும் கூடும். அது வளைந்து கொடுக்காது, வெடிக்கும். அதாவது நீங்கள் கூடக் காசு கொடுத்து வாங்கிய சிம்பலுக்குத்தான் ஸ்லீவ் கூடுதலாகத் தேவை.

இனி நட்டுக்கு வருவோம். கூத்து மேடையில் அண்ணாவியாருக்குப் பக்கத்தில் சல்லாரி என்ற கைத்தாளம் தட்டுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? நடுத் துளையால் கயிறு போகும், உட்பக்கத்தில் முடிச்சு. அவர் பிடித்திருப்பது கயிற்றை. விரல் உலோகத்தில் பட்டால் சத்தம் அங்கேயே செத்துவிடும். ட்ரம் செட்டில் அந்த முடிச்சின் வேலையைத்தான் விங் நட்டு செய்கிறது. சிம்பல் கழன்று போகாமல் காவல் நிற்பது மட்டும்தான் அதன் வேலை. சிம்பலைப் பிடித்து வைப்பது அதன் வேலையே இல்லை.

கிராஷ் எனும் முழக்கச் சிம்பல் ஒன்றை ஓங்கி அடிக்கும்போது தடியின் வேகம் எங்கேயாவது போக வேண்டும். தொங்கலாக இருக்கும் சிம்பல் கம்பியில் சாய்ந்து, ஊஞ்சலாடி, அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். மேலும் கீழும் இறுக்கிய சிம்பலால் சாய முடியாது. அடி விழுந்த விளிம்பே வளைந்து நிமிர வேண்டியிருக்கும். அப்படி வளைந்து வளைந்துதான் விளிம்பு வெடிக்கிறது. சத்தமும் போகும். கிராஷ் என்றால் அடித்ததும் விரிந்து, ஒரு நீளத்துக்கு நின்று கரைய வேண்டும். இறுக்கியதில் ‘டக்’கென்று வந்து நின்றுவிடும். ‘சிம்பல் சரியில்லை, புதிது வாங்க வேணும்’ என்று சொல்கிற சிலரிடம் நட்டை இரண்டு சுற்று கழற்றச் சொல்லியிருக்கிறேன். வாங்கும் கதை அத்தோடு நின்றுவிடும்.

அப்படியானால் வீடியோக்களில் நட்டே போடாமல் வாசிப்பவர்கள்? அதுவும் பிழையில்லை. ஜாஸ் வாசிப்பவர்கள் பலருக்கு அது பழக்கம். அவர்கள் பெரும்பாலும் மண்டபத்துக்குள் வாசிக்கிறார்கள், சிம்பலைக் கிட்டத்தட்டக் கிடையாக வைத்திருக்கிறார்கள், தடியின் நுனியால் தட்டுகிறார்கள். ரைட் என்பது தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டு போகும் பெரிய சிம்பல். 20 அங்குல ரைட் ஒன்று சுமார் இரண்டு கிலோ இருக்கும். அந்தப் பாரமே அதை இருத்தி வைத்துவிடும். காலால் மிதித்துத் திறந்து மூடும் சோடிச் சிம்பலான ஹை-ஹாட்டில், எல்லா ட்ரம் செட்டிலும் கீழ்ச் சிம்பலுக்கு நட்டு இல்லை, பாருங்கள். ஃபெல்ட்டின் மேல் சும்மா இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் எங்கள் மேடை வேறு. கோவில் வீதியில் பீப்பாவும் பலகையும் வைத்துக் கட்டிய மேடை, சில இடத்தில் ட்ரக்டர் பெட்டி. பாடகர் துள்ளினால் பலகை துள்ளும், பலகையோடு ஸ்டாண்டும் துள்ளும். அதற்கு மேல் காற்று. சோளகம் வீசும் மாதங்களில்தான் எங்கள் பக்கத்தில் பல கோவில்களின் திருவிழா வருகிறது. வடமராட்சிக் கரையோர ஊர்களில் திறந்த வெளியில் அந்தக் காற்றுக்கு ஒரு 18 அங்குலக் கிராஷ் பாய் விரித்த வள்ளம்தான். நட்டில்லாமல் சரித்து வைத்த சிம்பல் அங்கே கழன்று பறந்தால் முன்னால் கீபோர்ட் வாசிப்பவரின் பிடரியில் விழும், இல்லாவிட்டால் விளிம்பு குத்த சீமெந்தில் விழும். இரண்டும் நல்லதில்லை. ஆகவே திறந்த மேடையில் நட்டு கட்டாயம். பேச்சே இல்லை.

எவ்வளவு திருப்புவது? நட்டை விரலால் சுற்றிக்கொண்டு வாருங்கள். மேல் ஃபெல்ட்டைத் தொடும். தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்றோ ஒரு சுற்றோ பின்னால் எடுங்கள். பிறகு சிம்பலின் விளிம்பை ஒரு விரலால் அழுத்தி விடுங்கள். அது தாராளமாகச் சாய்ந்து, இரண்டு மூன்று தரம் ஆடி, நின்றால் சரி. அழுத்தும்போது விரலுக்கு எதிர்ப்புத் தெரிந்தால் இன்னும் தளர்த்த வேண்டும். காற்று மோசமான நாளில் இன்னும் கால் சுற்று உள்ளே போகலாம், அதற்கு மேல் வேண்டாம். ரைட் மட்டும் விதிவிலக்கு. வேகமாக வாசிக்கும்போது அது அதிகம் ஆடினால் தடி தடுமாறும். அதனால் கிராஷை விடக் கொஞ்சம் பிடிப்பாக வைப்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான். சிலர் நட்டை இறுக்காமல் மேலே இன்னொரு ஃபெல்ட்டைப் போட்டு ஆட்டத்தைக் குறைப்பார்கள். அது இன்னும் நல்ல வழி.

ஹை-ஹாட் மேல்ச் சிம்பலில் கணக்குக் கொஞ்சம் மாறும். அதைப் பிடிக்கும் கிளச்சில் கீழே இருக்கும் நட்டு இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், தளர்ந்தால் பாட்டு நடுவில் சிம்பல் விழும். ஆனால் மேலேயுள்ள நட்டுகள் இரண்டையும் ஒன்றோடொன்று பூட்டும்போது ஃபெல்ட்கள் சிம்பலை நசுக்காமல் சிறு இடைவெளி விடுங்கள்.

தேவாலயங்களில் வேறொரு காரணத்துக்காக இறுக்குகிறார்கள். சின்ன மண்டபம், சீமெந்துச் சுவர், சத்தம் காதைப் பிளக்கிறது. ‘தம்பி, கொஞ்சம் குறையுங்கோ’ என்று முன்வரிசையிலிருந்து ஆள் வரும். உடனே ட்ரம்மர் நட்டை முறுக்குவார். சத்தம் குறைவது உண்மைதான், நீளம் குறைந்துவிடும். ஆனால் அடி விழும் நொடியின் சத்தம் அப்படியே இருக்கும், ஆகவே முன்வரிசைக்காரர் திரும்பவும் வருவார். அடுத்ததாகக் கை இன்னும் பலமாக விழும், ஏனென்றால் சிம்பல் பதில் சொல்லவில்லை. விளிம்பு வெடிப்பதற்கு இதைவிட நேரான பாதை கிடையாது. அங்கே செய்ய வேண்டியது, குமிழுக்கும் விளிம்புக்கும் இடையில் கீழ்ப்பக்கமாக ஒரு துண்டு டேப் ஒட்டுவது, மெல்லிய தடிக்கு மாறுவது, அல்லது மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்துச் செய்த தடி வாங்குவது. நட்டைத் தொடவே வேண்டாம்.

உப்புக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டாண்டின் குரோம் உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும், மரையிலும் பிடிக்கும், நட்டு திரும்ப மறுக்கும், யாராவது குறடு எடுத்து வருவார்கள். நட்டுக்கு இரண்டு காது வைத்திருப்பதே விரலால் திருப்பத்தான். குறடு பட்ட சிம்பல் எதுவும் தளர்வாக இருந்து நான் பார்த்ததில்லை. மாரி தொடங்குவதற்கு முன் மரையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் இரண்டு துளி மெஷின் எண்ணெய் எடுத்துத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் ஃபெல்ட்டில் படக்கூடாது.

சாமான் எங்கே எடுப்பது என்று அடுத்த கேள்வி வரும், அதனால் இப்போதே. விங் நட்டு யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிப் பக்கத்து ஹார்ட்வெயார் கடைகளில் பார்க்கலாம். கம்பியையே கழற்றிக் கொண்டுபோய் மரை பொருந்துகிறதா என்று சுற்றிப் பார்த்து வாங்குங்கள். பொருந்தாததைப் பலவந்தமாக ஏற்றினால் கம்பி போய்விடும். கூடவே இரண்டு மூன்று மேலதிகமாக வாங்குங்கள், இரவில் கோவில் மணலில் விழுந்த நட்டு திரும்பக் கிடைப்பதில்லை. ஸ்லீவுக்கு மேசன்மார் மட்டம் பார்க்கிற ஒளிபுகும் குழாய் அருமையாக வேலை செய்யும். கம்பிக்கு மேல் கொஞ்சம் இறுக்கமாக ஏறவேண்டும், சிம்பலின் துளை அதற்கு மேல் தாராளமாக இறங்கவேண்டும், அந்த அளவைப் பார்த்து ஒரு சாண் வாங்கினால் செட் முழுவதற்கும் காணும். துண்டு, கீழ் ஃபெல்ட்டுக்குள்ளிருந்து மேல் ஃபெல்ட் வரை நீளமாக இருக்கட்டும்.

ஃபெல்ட்டை மட்டும் சரியானதாகவே வாங்குங்கள். கொழும்பிலிருந்து எடுப்பித்தாலும் பெரிய காசில்லை. செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டிப் போடும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. ஒரு இரவுக்குச் சரி. ரப்பர் சிம்பலை ஒட்டிப் பிடிக்கும், சுழலவும் விடாது, நாளாக நாளாகச் சப்பையாகும். கீழ் ஃபெல்ட் சப்பையானால் அடியிலுள்ள இரும்பு வாஷர் குமிழில் தட்டி ‘கிர்’ரென்று ஒரு இரைச்சல் வரும். ஒலிவாங்கி கிட்ட இருந்தால் அந்த இரைச்சல்தான் முதலில் கேட்கும், சவுண்ட்காரர் வயரைத் தேடிக்கொண்டு திரிவார்.

பேர்ல், டாமா போன்ற நிறுவனங்கள் சுற்றாமல் அழுத்தி உருவும் வகை நட்டும் விற்கின்றன. ஒரே நாளில் இரண்டு மேடை என்றால் வசதி. அழுத்திப் போடும்போது ஃபெல்ட்டையும் சேர்த்து நசுக்கிவிடுவது சுலபம், அதை மட்டும் பாருங்கள். என்னைக் கேட்டால் சாதாரண நட்டே போதும்.

ஏற்கனவே வெடித்த சிம்பல் இருந்தால் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் அந்த இடத்தில் உலோகத்தின் பதம் மாறிவிடும், பக்கத்திலேயே அடுத்த வெடிப்பு வரும். வெடிப்பு முடிகிற முனையில் சின்னத் துளை போட்டால் பெரும்பாலும் ஓட்டம் நிற்கும், அல்லது குறைந்தது தாமதமாகும். துளையின் ஓரத்தை அரத்தால் வழவழப்பாக்குங்கள்.

உங்கள் குழுவில் இலத்திரனியல் செட் இருந்தால் மேலே சொன்னதில் ஒன்று மட்டும் பொருந்தாது. அந்த ரப்பர் சிம்பல்கள் பலவற்றில் சுழலாமல் தடுக்க ஒரு தடுப்புத் துண்டு கொடுத்திருப்பார்கள், வயர் சுற்றாமலும் உணரும் பக்கம் ட்ரம்மரைப் பார்த்தபடியும் இருக்க அது வேண்டும். தளர்வாக ஆட விடுங்கள், சுழல விடாதீர்கள்.