சோலைமந்தியும் ஒரு சதுர மீட்டர் பாசியும்

கேள்வி: அழிவை எதிர்நோக்கும் குரங்கு, பாசி இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம்?

பலரும் குரங்குக்குத்தான் என்பார்கள். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சோலைமந்தி, எந்த இனத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று வகைப்படுத்தும் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் 'அருகிய இனம்'. வளர்ந்தவை சுமார் 2500 என்பது மதிப்பீடு. இங்கிலாந்தின் டார்பிஷையர் இறகுப்பாசியோ அதற்கும் ஒரு படி மேலே, 'மிக அருகிய இனம்'. உலகத்திலேயே அது இருப்பது ஒரே ஒரு ஓடையில், சுண்ணாம்புப் பாறை மேல், ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஒரு கதவை அதன்மேல் சாய்த்தால் மொத்த இனமும் மறைந்துவிடும். ஓடை ஒருமுறை வற்றினாலோ, கழிவு கலந்தாலோ, போச்சு.

கேள்வி: பாசி என்றால் குளத்தில் வழுக்குவதுதானே?

அது ஆல்கா. நான் சொல்வது ஈரச் சுவரிலும் மரப்பட்டையிலும் வெல்வெட் மாதிரி படர்கிற செடி. வேர் கிடையாது, இலையாலேயே நீரை உறிஞ்சும். காய்ந்து சுருண்ட சுவர்ப்பாசி மேல் ஒரு சொட்டு நீர் விட்டு லென்ஸில் பாருங்கள். சில நிமிடங்களில் ஒவ்வொரு இலையாக விரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

கேள்வி: குரங்கை எண்ணலாம். பாசியை?

ஒரு செடி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அதனால் பரப்பை அளக்கிறார்கள்.

கேள்வி: ஒரு துண்டைக் கிள்ளி வேறு இடத்தில் வளர்த்துவிட முடியாதா?

பாசிகள் சிறு துண்டிலிருந்தும் தழைக்கும். சோலைமந்திக்கு அந்த வசதி இல்லை: முதல் குட்டிக்கே ஆறு வயதை ஒட்டி ஆகிவிடும், ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்ததற்கு இரண்டு மூன்று வருஷம். சரி, வளர்த்த பாசியை எங்கே வைப்பது? அதே பாறை, அதே நீர், அதே நிழல் வேண்டுமே.

கேள்வி: கையில் இருக்கும் பணத்தை எதற்குக் கொடுப்பீர்கள்?

முதலில் பாசிக்கு. ஒரு ஓடையின் நீரைச் சுத்தமாக வைத்தால் ஓர் இனமே பிழைக்கும். சோலைமந்திக்கு அறுபடாத காடு வேண்டும். கிளைவிட்டுக் கிளை போகும் பிராணி அது; நடுவே சாலை வந்தால் இறங்கி அடிபடுகிறது. வால்பாறையில் சாலைக்கு மேலே பாலம் கட்டிவிட்டிருப்பது அதனால்தான். செலவு பெரிது, காலத்துக்கும் தொடரும். எனவே மிச்சம் மொத்தமும் அதற்கே. அந்தக் காடு நின்றால், மரங்களில் பிடித்திருக்கும் பாசிகளும் கூடவே பிழைத்துக்கொள்ளும்.