ஹிக்கடுவையில் பார்த்தது கல்லா?

அன்புள்ள ஐயா,

சென்ற போயா விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ரயிலில் ஹிக்கடுவை போனோம். கண்ணாடி அடிப் படகில் முருகைக்கற்பாறை (பவளப்பாறை) காட்டினார்கள். எல்லாம் உயிருள்ளவை என்றார் படகுக்காரர். எனக்குத் தெரிந்ததோ சாம்பல் நிறக் கல்லும், வட்ட வட்டத் துண்டுகள் கோத்த ஒரு பச்சைப் பாசியும்தான். ஓடவே முடியாத உயிர் எதைத் தின்னும், தன்னை எப்படிக் காத்துக்கொள்ளும் என்று மகள் கேட்கிறாள்.

ம., வெள்ளவத்தை

அன்புள்ள ம.,

நீங்கள் போன நேரம் பிழை. பெரும்பாலான முருகை உயிர்கள் பகலில் தம் சுண்ணாம்புக் கிண்ணத்துக்குள் சுருங்கிக் கிடக்கும். இருட்டிய பிறகுதான் வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளை நீட்டும். அவற்றில் கொட்டும் கலங்கள் நிறைந்திருக்கும். மிதந்துவரும் நுண்விலங்கு பட்டதும் நச்சு ஊசி பாயும். வேட்டையாடும் விலங்குதான், மகளிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

வேட்டை மட்டும் அதற்குப் போதாது. முருகையின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு முருகைக்குப் போகிறது. சில இனங்களின் சக்தித் தேவையில் 90 சதவீதம் வரை அதிலிருந்தே. பாசிக்கு ஒதுங்க இடமும், முருகையின் கழிவிலிருந்து சத்தும் கிடைக்கின்றன. 1998இல் கடல் சூடேறியபோது இந்தக் கூட்டுக்குடித்தனம் முறிந்தது. பாசியை இழந்த முருகை வெளிறும், ஆனால் உடனே சாகாது, பட்டினி கிடக்கும். பாசி திரும்பாவிட்டால்தான் சாவு. ஹிக்கடுவையில் பெரும்பகுதி அப்படித்தான் போனது. நீங்கள் கண்ட சாம்பல் நிறத்தில் அதற்கும் பங்கிருக்கும்.

முருகையைச் சாது என்றும் நினைக்க வேண்டாம். வேற்று இனம் நெருங்கி வளர்ந்தால், சில முருகைகள் தம் வயிற்று நார்களை வெளியே தள்ளி அயலானை நின்ற இடத்திலேயே செரித்துவிடும். வேறு சில, வழக்கத்தைவிட மிக நீண்ட கொட்டும் கொம்புகளால் சுற்றுப்புறத்தைத் துழாவும். எல்லாம் இடத்துக்கான சண்டை. கொழும்பில் காணி வழக்குப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவை கிளைமுருகைக்குள் வாழும் சிறு நண்டுகள். முருகையைத் தின்ன முட்கிரீட நட்சத்திரமீன் ஏறினால், இந்தக் குட்டிகள் அதன் குழாய்க்கால்களைக் கிள்ளியே விரட்டப் பார்க்கும். காவலுக்குக் கூலி, முருகை சுரக்கும் சளி.

அந்தப் பச்சைப் பாசி அநேகமாக ஹலிமீடா. செத்த முருகையின் மேல் அங்கே நன்றாகப் படர்ந்திருக்கிறது. உடம்பில் சுண்ணாம்பு, கூடவே மீன்களுக்குப் பிடிக்காத இரசாயனம். புதுத்துண்டு மென்மையானது என்பதால், மேயும் மீன்கள் உறங்கும் இரவில்தான் அதை விடுகிறது.

மீன்களைப் பற்றி மகள் கேட்டால் கிளிமீனைச் சொல்லுங்கள். பாறையைக் கொறித்துப் பாசி தின்று, கல்லை மணலாகக் கழிக்கும். சில இனங்கள் இரவில் தம்மைச் சுற்றிச் சளியால் கூடு கட்டிக்கொண்டு தூங்கும்.

அடுத்த பயணத்தை மே முதல் செப்டெம்பருக்குள் நிலாவெளிக்கு வையுங்கள். அங்கிருந்து புறாத்தீவுக்குப் படகு உண்டு. 1998இல் அந்தத் திருகோணமலைப் பக்கத்து முருகை பெருமளவு தப்பியது. தண்ணீரில் இறங்கினால் முருகையில் கால் ஊன்றாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.