அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா?

கேள்வி: என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. மாரடைப்பு. காலையில் பேசிக்கொண்டிருந்தவர் மாலையில் இல்லை. 26 வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். சபையில் எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் நான் அழுதால் மட்டும், "அவர் ஆண்டவரிடத்தில் சந்தோஷமாக இருக்கிறார், நீங்கள் அழுதால் விசுவாசம் இல்லை என்றல்லவா ஆகும்?" என்கிறார்கள். அதனால் இப்போது குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும், அதாவது கல்யாணம் செய்வதும் செய்துகொடுப்பதும், இல்லை என்று இயேசு சொன்னதைப் படித்த நாளிலிருந்து இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. அங்கே போனாலும் அவர் எனக்கு யாரோ ஒருவர்தானா? சில ராத்திரிகளில் நானும் அவரிடமே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவர் படித்த வேதப்புத்தகம் மேசைமேல் அப்படியே இருக்கிறது, திறக்கவே பயமாக இருக்கிறது. நான் விசுவாசத்தில் விழுந்துவிட்டேனா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். "அவரிடமே போய்விட்டால் தேவலை." துணையை இழந்தவர்கள் பலருக்கு இந்த எண்ணம் வந்து போகும். அதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் அது வந்து போகிறதா, வந்து உட்கார்ந்துகொள்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். எப்படிப் போவது என்கிற யோசனை வரை அது போயிருந்தால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு மகளையோ நம்பகமான ஒருவரையோ கூப்பிட்டு அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ராத்திரியாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்த அளவுக்கு இல்லையென்றாலும் ஒருமுறை மருத்துவரிடம் போய் வருவது நல்லது. ஆறு மாதத்துக்கு மேலாகியும் துக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போட்டால், அதற்குத் தனியாக உதவி தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அதை ஒரு கடிதத்தை வைத்துச் சொல்லவும் முடியாது. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று எதிரில் உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். மருத்துவரிடம் போனால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர்களை எலியாவின் கதையைப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலாம் ராஜாக்கள் 19-ம் அதிகாரம். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறங்கப்பண்ணிய மனிதர், கொஞ்ச நாளிலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். வந்த தூதன் வசனம் சொல்லவில்லை, கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தரமும் வந்து, போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்கிறான். சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் முதலில் அனுப்பிய உதவி சாப்பாடும் தூக்கமும்தான். பேச்சு எல்லாம் அப்புறம், ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

பவுலுக்கும் அந்த ஆசை இருந்தது. பிரிந்து போய்க் கிறிஸ்துவுடன் இருப்பது மிகவும் நல்லது என்று பிலிப்பியருக்கு, அதாவது பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு, எழுதுகிறார். அதே மூச்சில், நான் சரீரத்தில் தரித்திருப்பது உங்களுக்கு அதிக அவசியம் என்றும் சொல்கிறார். அவருக்குப் பிலிப்பியர். உங்களுக்கு யார் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, கண்ணீருக்கு வருவோம்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன் என்று படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உங்கள்மேல் இல்லை. கொஞ்சம் என்மேலேயேதான். துக்க வீடுகளில் நானும் "அவர் நல்ல இடத்தில் இருக்கிறார், அழாதீர்கள்" என்று எத்தனையோ முறை சொன்னவள். என் அம்மா போன பிறகுதான், அந்த வாக்கியம் கேட்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று புரிந்தது. சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அழுகிற ஆளைப் பார்க்க நமக்குத் தாங்கவில்லை, சீக்கிரம் நிறுத்திவிட வேண்டும் என்று இருக்கிறது, அதற்கு அந்த உண்மை கைக்கு வசதியாகக் கிடைக்கிறது.

அவர்கள் மனதில் இருப்பது அநேகமாக தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபமாக இருக்கும். புதிய ஏற்பாட்டு நிருபங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று அது, கி.பி. 50-ஐ ஒட்டி எழுதப்பட்டது. இயேசு வருவதற்குள் நம்மில் சிலர் இறந்துவிட்டார்களே, அவர்கள் கதி என்ன என்று அந்தச் சபை கலங்கிப்போயிருந்தது. அவர்களுக்குத்தான் பவுல், நித்திரையடைந்தவர்களுக்காக "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்று எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. அந்த "மற்றவர்களைப்போல" என்பதை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிறோம், அதில்தான் எல்லாக் குழப்பமும். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானை அடக்கம்பண்ணிய தேவபக்தியுள்ள மனுஷர் அவருக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்கிறது. வானம் திறந்திருக்கக் கண்டு இறந்தவர் ஸ்தேவான். அவர் எங்கே போனார் என்பதில் அந்த மனுஷருக்குச் சந்தேகம் இருந்திருக்க வழியே இல்லை. அப்படியும் அழுதார்கள்.

பெத்தானியாவை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசுவின் சிநேகிதன் லாசருவின் ஊர் அது. லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாள். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். மறுபடியும் பார்ப்போம் என்கிற நம்பிக்கை கண்ணீரை நிறுத்தும் என்றால், அன்றைக்கு அவர் அழுதிருக்கவே கூடாது. நம் நம்பிக்கை எப்போது நிறைவேறும் என்று நமக்குத் தெரியாது, அவருடையதோ சில நிமிடத்தில் நிறைவேற இருந்தது. இருந்தும் "இயேசு கண்ணீர் விட்டார்." அதற்கு இரண்டு வசனம் முன்னால் "ஆவியிலே கலங்கி" என்று நம் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில், கிரேக்க மூலத்திலுள்ள சொல்லுக்குக் கோபத்தில் உறுமுவது என்கிற சாயலும் உண்டு. யார்மேல் கோபம்? வேத அறிஞர்கள் பலவிதமாகச் சொல்வார்கள். மரணத்தின்மேல் என்று சொல்பவர்கள் பக்கம்தான் நான். கடைசிச் சத்துரு என்றுதான் மரணத்தைப் பவுலும் அழைக்கிறார். சத்துரு வந்து வீட்டில் ஒருவரைக் கொண்டுபோயிருக்கிறான். சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

உங்களைப் போலவே கண்ணீரை அடக்கிப் பார்த்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகுஸ்தீன். கி.பி. 387-ல், ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா துறைமுகத்தில் அவருடைய தாய் மோனிக்கா இறந்தார். அப்போது அவருக்கு 33-வது வயது நடந்துகொண்டிருந்தது, அந்த வருடம்தான் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். அம்மா நல்ல கதிக்குத்தான் போயிருக்கிறார், இதற்குப் புலம்புவது பொருத்தமில்லை என்று அன்று முழுக்க அழாமல் இருந்தார். வாய்விட்டு அழுத தன் மகனைக்கூட எல்லோருமாகச் சேர்ந்து அடக்கினார்கள். அடக்கத்திலும் அழவில்லை. குளித்தால் மனபாரம் இறங்கும் என்று கேள்விப்பட்டுக் குளித்துப் பார்த்தார். இறங்கவில்லை. தூங்கி எழுந்து தனியாகக் கிடந்தபோதுதான் உடைந்து அழுதார். பல வருடம் கழித்து, பிஷப்பான பிறகு, இதை எல்லாம் அவரே எழுதிவைத்தார். இதில் யாராவது குற்றம் கண்டால் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எனக்காக அழட்டும் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். திருச்சபையின் பெரிய போதகர் என்று நாம் கொண்டாடுகிறவரே அப்படி என்றால், நீங்கள் குழாயை மூடிவிட்டு வெளியே வந்து அழலாம். உங்கள் மகள் பார்க்கட்டும். அவளும் எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருக்கலாம்.

அடுத்து அந்தப் பயம், அங்கே அவர் யாரோ ஒருவர்தானா என்பது. இதை யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள். துணையை இழந்த பலருக்கு உள்ளுக்குள் இருக்கிற கேள்விதான்.

அந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். கேட்டவர்கள் சதுசேயர், உயிர்த்தெழுதலே கிடையாது என்கிற கூட்டம். ஏழு சகோதரர் ஒருவர்பின் ஒருவராக ஒரே பெண்ணை மணந்து இறந்தார்கள், அங்கே அவள் யாருக்கு மனைவி என்று மடக்கப் பார்த்தார்கள். கணவன் பிள்ளையில்லாமல் இறந்தால் அவன் சகோதரன் அவளை மணந்து வம்சத்தை நிலைநிறுத்த வேண்டும் என்கிற மோசேயின் சட்டத்தை வைத்துக் கட்டிய கதை அது. அந்தச் சட்டத்துக்குக் காரணமே மரணம். லூக்கா எழுதியதில் இயேசுவின் பதில் இன்னும் தெளிவாக இருக்கிறது: அவர்கள் இனி மரிக்கவும் மாட்டார்கள். சாவு இல்லாத இடத்தில் வம்சத்தைக் காக்கும் ஏற்பாடும், ஒரு பெண்ணைக் கைமாற்றிக் கொடுப்பதும் எதற்கு? அதைத்தான் அவர் தள்ளுகிறார். ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள், அன்பு அழிந்துபோகும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அதே பதிலில், தேவன் ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று பெயர் பெயராகச் சொல்லி, அவர்கள் எல்லாரும் அவருக்குப் பிழைத்திருக்கிறார்கள் என்கிறார். இறந்து நூற்றாண்டுகள் ஆகியும் ஆபிரகாம் ஆபிரகாமாகவே இருக்கிறார். உங்கள் கணவரும் உங்கள் கணவராகிய அந்த மனிதராகவே இருப்பார்.

உங்கள் திருமணம் அங்கே என்ன வடிவம் எடுக்கும் என்று என்னால் வரைந்து காட்ட முடியாது. பவுல் கொடுக்கிற உவமை விதை. விதைக்கிறது ஒன்று, முளைத்து வருவது இன்னொன்று மாதிரி, ஆனாலும் கோதுமையை விதைத்தால் கோதுமைதான் முளைக்கும். உங்கள் உறவு அங்கே குறைந்துபோகும் என்று நினைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவையே பாருங்களேன். கையில் ஆணிக் காயம் இருந்தது, சீஷர்கள் முன்னால் மீன் வாங்கிச் சாப்பிட்டார். மேகத்தின்மேல் மிதக்கிற நிழல் மாதிரி எதுவும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற மகதலேனா மரியாள் முதலில் அவரைத் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள், கண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. "மரியாளே" என்று அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துவிட்டது. 26 வருடம் உங்களைப் பெயர் சொல்லியோ, உங்களுக்கு மட்டும் தெரிந்த வேறு ஏதோ ஒரு சொல்லாலோ அவர் கூப்பிட்டிருப்பார் அல்லவா?

வெளிப்படுத்தின விசேஷத்தில் "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்" என்கிற வசனத்தை உங்களிடம் இந்த எட்டு மாதத்தில் பலர் சொல்லியிருப்பார்கள். நான் அதில் கவனிப்பது ஒன்றுதான். அங்கே போய்ச் சேருகிறவர்களின் முகத்தில் இன்னும் கண்ணீர் இருக்கிறது. வாசலிலேயே துடைத்துவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை.

ஜெபத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வார்த்தை வராவிட்டால் விட்டுவிடுங்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8-ல் இருக்கிறது. அப்படியானால் பெருமூச்சும் ஜெபக் கணக்கில் சேர்த்திதான். கோபமாக இருந்தால் 88-ம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இருட்டுதான், முடிவிலாவது வெளிச்சம் வரும் என்று பார்த்தால் வராமலே முடிந்துவிடும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதே சில நாட்களில் எனக்குப் பெரிய ஆறுதல். சபையில் பாட முடியாவிட்டால் சும்மா நில்லுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடுவார்கள்.

உங்களை அழ வேண்டாம் என்கிறவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "என்னோடு கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது, கடைசியில் கர்த்தரே அவர்கள்மேல் கோபப்பட்டார்.

விசுவாசத்தில் விழுந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். விழுந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு, அதற்கு வசனத்தோடு கடிதம் எழுதுவதில்லை, சகோதரி.

மேசைமேல் இருக்கிற அவருடைய வேதப்புத்தகத்தை இப்போதே திறக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு வருடம் ஆனாலும் அது அங்கேயே இருக்கும். திறக்கலாம் என்று தோன்றுகிற நாளில் தனியாகத் திறக்காதீர்கள், மகள் வீட்டில் இருக்கும்போது திறங்கள். எங்கெங்கே கோடு போட்டிருக்கிறார், ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று இருவருமாகப் பாருங்கள். முடிந்தால், அவர் அதிகம் கோடு போட்ட பக்கம் எது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப்போடுங்கள்.