பிள்ளையோடு ஒரு பட்டம்: வாசகிகளின் கேள்விகள்

கணவர் விட்டுப்போய் 4 வருடமாகிறது. ஜவுளிக்கடையில் வேலை. மகன் 3-ம் வகுப்பு. பிளஸ் டூ முடித்திருக்கிறேன். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.ஏ. சேர்ந்தால் 3 வருடத்தில் முடிக்க முடியுமா?
- வாசகி, திண்டுக்கல்

சேருங்கள், ஆனால் 3 வருடக் கணக்கை விட்டுவிடுங்கள். 3 ஆண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். இக்னோ கணக்கில் 1 கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆக 3,600 மணி நேரம். 3 வருடத்தில் முடிக்கத் தினம் 3 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். கடை வேலையோடு அது நடக்காது. 6 வருடம் வரை அவகாசம் உண்டு. அப்படிப் பரப்பினால் தினம் ஒன்றே முக்கால் மணி நேரம் போதும்.

பலரும் நின்றுபோவது பரீட்சையில் அல்ல, வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய அசைன்மென்டில். மதிப்பெண்ணில் 30% அதற்கு, 70% தேர்வுக்கு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். அசைன்மென்ட் போகவில்லை என்றால் பரீட்சையில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அந்தத் தாள் முடியாது. டிசம்பர் தேர்வுக்கான கெடு பொதுவாக அக்டோபர் கடைசி. ஜவுளிக்கடையில் அப்போது தீபாவளிக் கூட்டம்! ஆகஸ்டிலேயே எழுதிவிடுங்கள். கையால்தான் எழுத வேண்டும். கொடுக்குமுன் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிவையுங்கள். அடுத்த ஆண்டுக்கான மறுபதிவுக்கு ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சேரும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. 2024 முதல் தொலைதூரப் படிப்புக்கு டி.இ.பி. ஐ.டி. (யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு தரும் எண்) கட்டாயம், அதற்கு முதலில் ஏ.பி.சி. ஐ.டி. (கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் இணையக் கணக்கின் எண்) எடுக்க வேண்டும். ஆதார் ஓ.டி.பி. இல்லாமல் இது நகராது. ஆதாரில் இன்னும் கணவரின் போன் எண்ணே இருந்தால் ஓ.டி.பி. அவருக்குப் போகும். ஆதார் மையத்தில் உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியலும் ஆதாரில் கணவர் இனிஷியலும் இருந்தால், சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள். சான்றிதழைத் திருத்தக் கிளம்பினால் அலைச்சல்தான் மிச்சம்.

டிகிரி முடித்தபின் டி.என்.பி.எஸ்.சி.யில் ஆதரவற்ற விதவை ஒதுக்கீடு எனக்குக் கிடைக்குமா? கணவர் உயிரோடு இருக்கிறார், பிரிந்துவிட்டோம்.
- வாசகி, கடலூர்

கிடைக்காது. பெண்களுக்கான 30 சதவீதத்துக்குள் 10 சதவீதம் ஆதரவற்ற விதவைகளுக்கு. விவாகரத்தானவர், கணவரால் கைவிடப்பட்டவர், மறுமணம் செய்தவர் அதில் வரமாட்டார்கள். கணவரை இழந்தவருக்கும் எல்லா வழியிலும் சேர்த்து மாத வருமானம் 4,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சான்று ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சார் ஆட்சியரிடம் வாங்கியதாக இருக்க வேண்டும். தாசில்தார் தரும் சாதாரண விதவைச் சான்றைக் காட்டி இதில் ஏமாந்தவர்கள் உண்டு. பொதுவான 30 சதவீதத்தில் நீங்கள் தாராளமாகப் போட்டியிடலாம். கைவிடப்பட்டவர் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அது வேறு உதவிகளுக்குப் பயன்படும்.

பத்தாவதோடு நின்றுவிட்டேன். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கலாம் என்கிறார்களே?
- வாசகி, தேனி

தமிழக அரசு வேலைதான் குறி என்றால் வேண்டாம். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதிவிட்டுச் சேருங்கள்.