மணலுக்குள் போன மஞ்சள் ராஸ் மீன் திரும்பி வருமா?

கேள்வி: நான்கு அடி நீளக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். சுமார் 250 லிட்டர், தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. முதலில் ஒரு சிக்ஸ்லைன் ராஸ் விட்டேன். அடுத்த மாதம் ஆண் ஃபேரி ராஸ் ஒன்று. வந்தபோது சிவப்பும் ஊதாவுமாக மின்னியது. இப்போது வெளிறிப்போய்ப் பாறைக்குப் பின்னாலேயே கிடக்கிறது. ஐந்து நாட்களுக்கு முன் ஒரு மஞ்சள் ராஸ் விட்டேன். பத்து நிமிடத்தில் அடியில் பாய்ந்தது, அதன்பின் கண்ணில் படவே இல்லை. அடியில் ஓர் அங்குலத்துக்குப் பவளச் சரளை போட்டிருக்கிறேன். தோண்டிப் பார்க்கவா? அடுத்து லெபர்ட் ராஸும் கிளீனர் ராஸும் வாங்க நினைக்கிறேன், சரியா?

பதில்: தோண்ட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை எழுதி அனுப்பிவிட்டுக் கையில் கரண்டியோடு தொட்டி முன்னால் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராஸ் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், எவ்வளவு வளரும் என்றுகூடச் சிலர் கேட்பார்கள். ராத்திரி எங்கே படுக்கும் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் தொட்டியில் இருக்கும் சிக்கல்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

மஞ்சள் ராஸ் ஹாலிகோயரஸ் வகை. இவை மணலுக்குள் புதைந்து தூங்கும். பயந்தாலும் மணலுக்குள்தான் ஓடும். என் தொட்டியில் இருப்பது விளக்கு அணைவதற்குக் கால் மணி நேரம் முன்பே தயாராகிவிடும். இரண்டு மூன்று இடத்தில் தலையைச் சாய்த்து அடியை நோட்டம் விடும். பிறகு ஒரே பாய்ச்சல். ஒரு கைப்பிடி மணல் எழும்பி அடங்கும், மீன் இருந்த தடமே தெரியாது. பிடிபட்ட இடத்தின் விடியல் வேறு, உங்கள் விளக்கு எரியும் நேரம் வேறு. அதனால் புதிதாக வந்த மீன் சில நாட்கள், ஒரு வாரத்துக்கு மேலும்கூட, புதைந்தே கிடப்பதுண்டு. நீங்கள் தூங்கும் நேரத்தில் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பப் போயிருக்கலாம். தோண்டினால் மிச்சமிருக்கும் தெம்பையும் அது ஓடியே தீர்த்துவிடும்.

கவலைப்பட வேண்டியது உங்கள் சரளையைப் பற்றித்தான். வேகமாகத் தலைகீழாகப் பாயும் மீனுக்குப் பவளச் சரளை என்பது உடைந்த ஓடுகளின் மேல் குதிப்பது மாதிரி. வாய் கிழியும், செதில் உரியும், அந்தக் காயத்தில் கிருமி ஏறும். இவற்றுக்குத் தேவை சர்க்கரையைப் போன்ற மெல்லிய மணல், ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் ஆழத்துக்கு. மொத்தச் சரளையையும் ஒரே நாளில் வாரி எடுக்காதீர்கள். அதில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போகும், அடியில் தேங்கிய அழுக்கும் கிளம்பும். இப்போதைக்கு எட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நன்றாக அலசிய மணலை நிரப்பி, நீரோட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். மீன் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். சரளையை அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்.

இனி தினம் ஒரு முறை தண்ணீரில் அம்மோனியா அளவைப் பாருங்கள். பூஜ்யமாகவே இருந்தால் பொறுத்திருங்கள். திடீரென்று ஏறினால் மீன் உள்ளே இறந்து அழுகிக்கொண்டிருக்கலாம், அப்போது தேடித்தான் ஆகவேண்டும். ஏறாததாலேயே உயிரோடு இருக்கிறது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. சின்ன மீன் என்றால் நத்தையும் புழுவும் ஒரே ராத்திரியில் முடித்துவிடும்.

சரி, ஃபேரி ராஸுக்கு வருவோம். இதற்கு மணல் வேண்டாம். பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கோழையால் ஒரு பை கட்டி அதற்குள் தூங்கும். காலையில் அந்தப் பை கழன்று கசங்கிய ஜவ்வுபோல மிதக்கும். அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றியவர்களும் உண்டு. சிக்ஸ்லைனுக்கும் அதே பாறை இடுக்குதான் படுக்கை. அது முதலில் வந்தது, ஒரு மாதம் தனியாக ஆண்டது, எல்லாப் பொந்தும் தன்னுடையது என்று முடிவு செய்துவிட்டது. பெரும்பாலும் மூன்று அங்குலத்தைத் தாண்டாத மீன், ஆனால் அதன் முரட்டுத்தனத்துக்கு உடம்பு ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் பகலில் பார்ப்பது துரத்தலின் மிச்சம்தான். விளக்கு அணையும் நேரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், ஃபேரி ராஸ் ஒவ்வொரு பொந்திலிருந்தும் விரட்டப்படுவது தெரியும்.

நானாக இருந்தால் சிக்ஸ்லைனை வெளியேற்றிவிடுவேன். மனமில்லை என்றால், பிடித்துத் துளையுள்ள ஒரு பெட்டிக்குள் போட்டு அதே தொட்டிக்குள் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். அதற்குள் பாறைகளின் அமைப்பை மாற்றிவிடுங்கள். வெளியே வரும்போது பழைய எல்லை எதுவும் இருக்காது. இது பலிப்பதும் உண்டு, பலிக்காமல் போவதும் உண்டு. பொதுவாகச் சிக்ஸ்லைன் வேண்டும் என்பவர்கள் அதைக் கடைசி மீனாக விட வேண்டும்.

நிறம் வெளிறியதற்குப் பயம் ஒரு காரணம், தனிமை இன்னொன்று. ஆண் ஃபேரி ராஸ் அந்த வண்ணங்களைக் காட்டுவதே பெண்களுக்காக. பார்க்க ஆளில்லாவிட்டால் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். ராஸ் குடும்பத்தில் பெரும்பாலானவை பெண்ணாகத் தொடங்கி, கூட்டத்தில் பெரியது ஆணாக மாறும். அதனால் அடுத்த முறை வாங்கும்போது ஒரே இனத்தில் சிறிய பெண்களாக இரண்டு மூன்று எடுங்கள், ஒன்று உங்கள் கண் முன்னாலேயே நிறம் மாறும். இப்போதிருக்கும் ஆணுக்கும் அதே இனப் பெண் ஒன்று இரண்டு சேர்க்கலாம், ஆனால் சிக்ஸ்லைன் விவகாரம் முடிந்த பிறகு. மைசிஸ், ஆர்ட்டீமியா (இரண்டும் குட்டி இறால் போன்ற இரை), சின்ன பெல்லட் என்று மாற்றி மாற்றி நாளுக்கு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரே வேளையில் கொட்டினால் தண்ணீர்தான் கெடும்.

லெபர்ட் ராஸ் இப்போது வேண்டாம். அழகில் அதை மிஞ்ச ஆளில்லை, எனக்கும் ஆசைதான். ஆனால் அது நாள் முழுக்கப் பாறையை உற்றுப் பார்த்துக் கோபிபாட் போன்ற நுண்ணிய உயிர்களைக் கொத்திக்கொண்டே இருக்கும். நான்கு மாதத் தொட்டியில் அவை போதிய அளவில் பெருகியிருக்காது. உங்கள் தொட்டியில் மஞ்சள் ராஸும் அதே இரையைத்தான் தேடும். ஒரு வருடம் போகட்டும், இதுவும் மணலில் தூங்கும் மீன் என்பதால் மெல்லிய மணலும் வந்துவிடட்டும். அப்போதும் கடையில் உறைந்த இரையைத் தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிளீனர் ராஸ் எப்போதுமே வேண்டாம். அது பெரிய மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணியையும் கோழையையும் தின்று வாழ்வது. வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியில் சாகும். வெள்ளைப்புள்ளி நோயைத் தீர்க்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் புதைந்திருக்கும், கிளீனரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு வேடிக்கை: அச்சு அசல் அதைப்போலவே இருக்கும் ஒரு பிளென்னி மீன் உண்டு. சுத்தம் செய்வதுபோல் நெருங்கி வந்து துடுப்பைக் கடித்துவிட்டு ஓடும். கிளீனருக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும், போலிக்கு மூக்குக்குக் கீழே.

புதிய மீன் எதுவானாலும் முதலில் தனித்தொட்டியில் வையுங்கள். மணலில் தூங்கும் வகைக்கு அங்கும் ஒரு மணல் டப்பா தேவை. ஒட்டுண்ணியைக் கொல்லும் காப்பர் மருந்தைப் பல ராஸ்கள் சரியாகத் தாங்காது, அளவைச் சோதனைக் கருவியில் பார்த்துப் பார்த்து மெதுவாக ஏற்றுங்கள். சுண்ணாம்பு மணல் காப்பரை உறிஞ்சிவிடும் என்பதால் அந்த டப்பாவுக்கு மட்டும் சிலிக்கா மணல்.

மூடியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எழுதாததுதான் உறுத்துகிறது. ராஸ் துரத்தப்பட்டால் மேல்நோக்கியும் பாயும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை போதும், கண்ணாடி மூடியைவிட நல்லது. ஆனால் முழுவதும் மூட வேண்டும். நான் குழாய் இறங்கும் மூலையில் மட்டும் மூன்று விரல் அகல இடைவெளி விட்டிருந்தேன். என் முதல் ஃபேரி ராஸ் அந்த மூன்று விரலைத்தான் தேடிப் பிடித்தது. இரண்டு நாள் கழித்து ஸ்டாண்டின் பின்னால் காய்ந்து கிடந்தது. டார்ச் அடித்து உங்கள் தொட்டியின் பின்பக்கத் தரையையும் சம்ப்பையும் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) இன்றே ஒரு முறை பார்த்துவிடுங்கள். அங்கே இல்லை என்றால் மஞ்சள் ராஸ் உள்ளேதான் இருக்கிறது.