பாங்கு கேட்காத ஊரில் முதல் நோன்பு

கல்யாணமாகித் திருச்சியிலிருந்து உட்லண்ட்ஸுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆன ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள்: "அக்கா, சிங்கப்பூரில் நோன்பு எப்படி இருக்கும்? தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவர் வேலை முடிந்து வர எட்டு மணி ஆகிறது. தனியாக உட்கார்ந்து நோன்பு திறப்பதை நினைத்தாலே அழுகையாக வருகிறது."

உன்னை நீ என்றே எழுதுகிறேன், என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். முதல் பத்து நோன்பு கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். நான் நாகூர்க்காரி. விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் நேரத்தில் பக்கீர் பாவாமார் தாயிராக் கொட்டு அடித்துப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள், அதற்கு எழும்பாவிட்டால் பள்ளிவாசல் மைக், அதற்கும் எழும்பாவிட்டால் உம்மா. இங்கே வந்த முதல் சஹரில் அலாரம் அடித்தது, அவ்வளவுதான். எதிர் பிளாக்கில் எண்ணி எட்டு சன்னலில் விளக்கு எரிந்தது. அந்த எட்டையும் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டேன்.

பாங்கு இல்லாமல் இல்லை. 1970களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளை உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார்கள், அதனால் தெருவுக்கு வராது. அதற்குப் பதில் ஐந்து நேரமும் ரேடியோவில் சொல்கிறார்கள். மலாய் நிலையமான வார்னா 94.2ஐப் போட்டு வை. நான் நோன்பு மாதத்தில் சாயங்காலம் ஆறரைக்கே அடுப்படியில் அதைத் திறந்து வைத்துவிடுவேன், பாதி புரியாது, ஆனால் வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். ஃபோனில் இங்குள்ள இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் முஸ்லிம்எஸ்ஜி செயலியையும் இறக்கிக்கொள், தொழுகை நேரம் எல்லாம் அதில் சரியாக இருக்கும்.

இந்த நேரம் விஷயத்தில் என் கதையைக் கேள். முதல் வருடம் ஊர்ப் பள்ளிவாசலில் கொடுத்த நோன்பு அட்டையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, ஊர் ஞாபகத்துக்காகக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தேன். ஒரு நாள் பயங்கர மழை, வானம் கறுத்துக் கிடக்கிறது, அட்டையைப் பார்த்தேன், 6:26 என்றிருந்தது, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு ஒரு கிளாஸ் ரோஸ்மில்க்கும் குடித்து முடித்த பிறகு மழை விட்டு வெயில் பளீரென்று அடிக்கிறது! ஒரு நோன்பு களா, பிறகு ஒரு நாள் திரும்பப் பிடிக்க வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரர் இன்னமும் விருந்தாளிகளிடம் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இந்த ஊர் பூமத்தியரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருப்பதால் எந்த மாதத்தில் ரமலான் வந்தாலும் பகல் பெரிதாகக் கூடாது, குறையாது. நோன்பு எப்போதும் ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம்தான். நோன்பு திறக்கும் மஃரிப் நேரம் ஏழு மணியை ஒட்டி, முன்னே பின்னே இருபது நிமிடம். தலைப்பிறை விஷயத்தில் ஊர் வாட்ஸ்அப்பைப் பார்க்காதே, முதல் நாள் இரவு இங்கே முஃப்தி தொலைக்காட்சியில் அறிவிப்பார், அதுதான் உனக்குக் கணக்கு. உன் அம்மா ஒரு நாள் கழித்து நோன்பு பிடிக்கலாம், பெருநாளும் அதேபோல் தள்ளிப் போகலாம், அதை வைத்துச் சண்டை வேண்டாம்.

உன் வீட்டுக்காரரை மேலதிகாரியிடம் வாய் திறந்து கேட்கச் சொல். மதியச் சாப்பாட்டு நேரத்தை வேலையில் கழித்துவிட்டு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புவது இங்கே நிறையப் பேர் செய்வதுதான். சட்டப்படியான உரிமை இல்லை, கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். நம்மவர்கள் கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு முப்பது நாளும் அலுவலகப் பேன்ட்ரியில் நின்று தண்ணீர் குடித்து நோன்பு திறப்பார்கள்.

சரி, கஞ்சிக்கு வருகிறேன், முக்கியமே அதுதான். லிட்டில் இந்தியா என்கிற தேக்கா பக்கம் டன்லப் ஸ்ட்ரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியா பள்ளி, இதெல்லாம் நம் தமிழ் ஆட்கள் கட்டியெழுப்பிய பள்ளிகள். சூலியா பள்ளி 1826ஆம் வருடத்தில் தொடங்கியது, ராஃபிள்ஸ் இங்கே வந்து இறங்கி ஏழே வருடத்தில். அங்கே நோன்புக் கஞ்சி நம் கஞ்சியேதான்: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், கொத்துக்கறி. சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பிறகு போனால் வாங்கிக்கொள்ளலாம். என் முதல் வருடத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு போகவே இல்லை, பள்ளிக் கஞ்சி ஏழைகளுக்கு என்று ஒரு எண்ணம், ஊரில் பெரிய வீட்டிலிருந்தும் தூக்குவாளி போகும் என்பதை நானே மறந்துவிட்டேன். இரண்டாம் வருடம் ஒரு தென்காசிக்கார லாத்தா (அக்கா) என் கையில் தூக்கைக் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டார். அந்த வரிசையில்தான் எனக்கு இந்த ஊரில் பழக்கம் கிடைத்தது. எந்தக் கடையில் நல்ல ஆட்டுக்கறி, எந்த மருத்துவர் தமிழ் பேசுவார், குர்ஆன் ஓதிக்கொடுக்க யார் வருவார், எல்லாமே அங்கே வாங்கிய தகவல்தான்.

உட்லண்ட்ஸிலிருந்து தினமும் தேக்கா போக முடியாது, தெரியும். உன் பேட்டையிலேயே பள்ளிகள் இருக்கின்றன, யூசுப் இஸ்ஹாக் பள்ளி 2017இல் திறந்தது, நல்ல விசாலம். மலாய்ப் பள்ளிகளிலும் கஞ்சி கொடுப்பார்கள், புபுர் என்பார்கள், ருசி வேறு, நம் கஞ்சியை மனதில் வைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றமாக இருக்கும். அதை அதுவாகவே குடி.

ரமலான் இரவில் தொழும் தராவீஹ் உனக்குப் புதிதாக இருக்கும். ஊரில் எங்கள் தெருப் பெண்கள் யாராவது ஒரு வீட்டில் கூடித் தொழுவோம், பள்ளிக்குப் போனதே இல்லை. இங்கே பெரிய பள்ளிகளில் பெண்களுக்குத் தனியிடம் இருக்கிறது, குழந்தையோடு வருகிறவர்களும் உண்டு. தொழும் முறையில் மலாய்க்காரர்கள் ஷாஃபி பிரிவு, நீ ஹனஃபி வீட்டுப் பிள்ளை என்கிறாய், கடைசியில் தொழும் வித்ரை அவர்கள் இரண்டாகவும் ஒன்றாகவும் பிரித்துத் தொழுவார்கள், பிற்பாதி ரமலானில் அதில் குனூத் என்கிற துஆ வரும். பதற வேண்டாம். சில இடத்தில் எட்டு ரக்அத், சில இடத்தில் இருபது, முன்கூட்டியே கேட்டுக்கொள். தமிழில் பயான், அதாவது மார்க்கப் பேச்சு, கேட்க ஆசை வந்தால் வார இறுதியில் தமிழ்ப் பள்ளிவாசலுக்கு வா.

கேலாங் சிராய் நோன்பு மாதச் சந்தைக்கு ஒரு முறை போய் வா, விளக்கு அலங்காரம் பார்க்க நன்றாக இருக்கும். குளிர்பானம் ஒரு கோப்பைக்கு எத்தனை வெள்ளி என்று கேட்டால் குடித்த தண்ணீரும் வற்றிவிடும். ஏழைகளுக்கான பித்ரா தர்மத்தைப் பெருநாள் தொழுகைக்கு முன் கட்டிவிடுங்கள், 2.3 கிலோ அரிசி விலைக் கணக்கு, முயிஸ் அறிவிக்கும்.

உன் பிளாக்கில் மலாய்க் குடும்பம் பெரும்பாலும் இருக்கும், 1989இலிருந்து அரசு கட்டிக்கொடுக்கும் வீவக பிளாக்குகளில் இன விகிதம் பார்த்துத்தான் வீடு கொடுக்கிறார்கள். அவர்கள் கதவைத் தட்டுவதற்கு முன் நீ தட்டு. வடை சுட்டால் ஆறு வடை கொண்டுபோய்க் கொடு. அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வராது, அது மட்டும் உறுதி. பக்கத்து வீட்டு மாக்சிக்கும் (மலாய் ஆன்ட்டி) எனக்கும் பதினேழு வருடமாக ஒரே நீலத் தட்டுதான் போய் வருகிறது, அது யார் வீட்டுத் தட்டு என்று இப்போது இரண்டு பேருக்குமே தெரியாது.

முதல் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் டன்லப் ஸ்ட்ரீட் பள்ளியில் இருப்பேன். பச்சை மூடித் தூக்கு வைத்திருப்பேன், அதை வைத்துக் கண்டுபிடி. நீ கொண்டுவருகிற பாத்திரத்துக்கு மூடி இறுக்கமாக இருக்கட்டும், எம்ஆர்டி ரயிலில் உட்லண்ட்ஸ் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.